பிரித்த தண்டவாளம்

ஷர்மினி அப்பாவுக்கு,

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தீர்களாம். பொம்மை ரயில் பலகை லிஃப்டில் நுழையாததால், தண்டவாளத்தோடு சேர்த்து அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தீர்களாம். எதிர்வீட்டு ஷஹீதா அக்காதான் சொன்னார்.

"ஏண்ணே அறுக்குறீங்கன்னு கேட்டேன். 'வீடு மாறுறோம்லா'ன்னு சொன்னாரு. நீயும் அவரோட ஜுரு ஊருக்குப் போறியாம்மா?"

"நான் எங்கயும் போகலக்கா" என்றேன்.

இரண்டு துண்டையும் இன்ஜினையும் என் வாசலில் போட்டுவிட்டு, மாலையில் வாய்ஸ் மெசேஜ் வேறு: "உனக்குத்தான் சோல்டரிங் நல்லா வரும். அறுத்ததுல ரெண்டு துண்டுலயும் சில இணைப்பு விட்டுப்போச்சு. அத ஒட்டி வச்சிரு, ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கிறேன். இங்க புள்ள ரயில் ஓடறதப் பார்க்கணும்னு அடம் புடிக்குது."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கப்போவதில்லை. ஷர்மினி அந்தப் பலகைமேல் விரல் வைத்தாலே கத்துவீர்கள். அது மட்டும் நினைவுக்கு வந்தது.

சோல்டரிங் கோலைச் சூடாக்கினேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே. உங்களுக்காக அன்று நான் பற்றவைத்த ஒவ்வோர் இணைப்பையும், ஷர்மினி இடுக்கியால் பிடித்துக்கொள்ள, உருக்கிப் பிரித்தேன். ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். வெறும் தண்டவாளத் துண்டுகள் கீழே காவலாளியிடம் அரிசிப் பையில் இருக்கின்றன. மாடிக்கு வர வேண்டாம்.

இன்ஜினைப் பையில் தேடாதீர்கள். ஷர்மினி எடுத்து வைத்துக்கொண்டாள். வேண்டுமானால் அவளிடம் கேளுங்கள். போனில் வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா