வராதவர்களின் வீடு

ஓடைத்தீவு, அந்தமான்
20-1-1991

அன்புள்ள கனகத்துக்கு,

கப்பலில் மூன்று நாள் வாந்தி, தீவுக்கு வரும் லாஞ்சுப் படகில் அரை நாள் வாந்தி. எப்படியோ உயிரோடு வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம் பரவாயில்லை. பூகோள வாத்தியார் என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள். இங்கே பூகோளம் என்ன பெரிய பூகோளம்! தெற்கே மலை, வடக்கே அலையாத்திக் காடு, நடுவில் உப்போடை. ஓடைக்கரையில் மூன்று ஊர்கள். பெயரைக் கேட்டால் சிரிப்பாய், எல்லாம் நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள்: தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, பெரும்புதூர்.

தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்து ஜனங்கள் கப்பலேறி வந்தார்களாம். விட்டுவந்த ஊரை நினைவு வைத்து அப்படியே கட்டியிருக்கிறார்கள். ஏரி வேண்டுமென்று பள்ளம் வெட்டி, கரையில் பனை நட்டிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் இந்தத் தண்டலத்துத் தெருவில் நடந்தபோது, நம் வீடு வரவேண்டிய இடத்தில் கால் தானாக நின்றது. வீடு இருந்தது. கிணறும் அதே மூலையில். உள்ளே ஆளில்லை, ஆனால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தசரதன்


தண்டலம்
12-2-1991

அன்புள்ள மாமாவுக்கு, கனகம் எழுதுவது.

வயிற்றில் இருப்பது உதைக்கிற உதை தாங்கவில்லை. அப்பன் தீவில் ஜாலியாக ஊர் சுற்றுகிறாரே என்ற கோபமாக்கும்.

உங்கள் கடிதத்தை என் தம்பி அண்ணாதுரைக்குப் படித்துக் காட்டினேன். கம்பெனியில் டபுள் ஷிப்டு முடித்து வந்தவன், "இன்னாக்கா, மாமாவுக்குக் கடல் காத்து மண்டையில ஏறிகிச்சா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு எவன் வேலை மெனக்கெட்டுச் சுண்ணாம்பு அடிப்பான்? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சித்திரை கடைசியில் பிரசவம் என்கிறார் நர்சம்மா. அப்போது நீங்கள் என் பக்கத்தில் இருக்கவேண்டும். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? இது ஒன்றுதான் கேட்கிறேன்.

கனகம்


ஓடைத்தீவு
8-3-1991

அன்புள்ள கனகத்துக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள்தான் சாவி கொடுத்தார்.

சரித்திரம் இதுதான். பஞ்சத்தில் என் முப்பாட்டனும் அவருடைய அண்ணனும் சேர்ந்தே புறப்பட்டார்களாம். அண்ணன் கப்பலேறினார். தம்பி, 'அடுத்த கப்பலில் வருகிறேன்' என்று சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார். அந்தத் தம்பி வழிதான் நாங்கள். வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறார்கள். அவர்கள் செத்துப்போயிருப்பார்கள் என்று யாரும் சொல்வதில்லை, "இன்னும் வர்ல" என்றுதான் சொல்கிறார்கள். மற்ற வீடுகளெல்லாம் எப்படியோ நிறைந்துவிட்டன, நம்முடையதுதான் கடைசியாம்.

கிளியம்மாள் தினமும் இரண்டு தட்டு வைக்கிறார். நான் ஒண்டிதானே அம்மா என்றால், "ஆம்பள வந்து பூந்துட்டான்ல, பொம்பளைய வூடே இட்டாந்துடும்" என்கிறார். பாசமான ஜனங்கள். லீவுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. நீ எப்போது வருகிறாய்?

உன்
தசரதன்


தண்டலம்
2-4-1991

மாமாவுக்கு,

பாசமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்த வீட்டைவிட்டு முதலில் வெளியே வாருங்கள்.

பால்காரர் ராமன் சில நாளாக வரவில்லை. வழியில் மடக்கிக் கேட்டால், "வூடு பூட்டிகினு கீதேம்மா, காலி பண்ணிகினு பூட்டீங்கன்னு நெனச்சேன்" என்கிறார். அந்த நேரத்தில் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், மாமா! நேற்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம், "கனகம் ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டார். அண்ணாதுரை என் கையால் சாப்பிடுகிறான். சாப்பிட்டுக்கொண்டே, அக்கா எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தந்தி கொடுத்தும் பதில் இல்லை. என் கோபமெல்லாம் போய்விட்டது, சத்தியமாக. நீங்கள் வந்து எதிரில் நின்று ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. வந்துவிடுங்கள்.

உங்கள்
கனகம்


ஓடைத்தீவு
28-4-1991

தண்டலம் விலாசத்தில் இருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

தாங்கள் அனுப்பிய தந்தியும் கடிதங்களும் கிடைத்தன. தாங்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ பெரிய கஷ்டத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் புரிகிறது. ஆனாலும் என் மனைவியின் பெயரில் எழுதுவது நியாயமில்லை, அம்மா.

கனகம் வெள்ளிக்கிழமை லாஞ்சில் வந்து இறங்கிவிட்டாள், கையில் பெண் குழந்தையோடு. ஊரே கரைக்கு வந்து அழைத்துப்போனது. இப்போது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். தங்கள் கையெழுத்து அச்சு அசலாக அவளுடையது மாதிரி இருக்கிறதே என்று அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், ஒரு பதில் போட்டுடுங்க" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை, அழவும் இல்லை. கொஞ்ச நாளில் திறந்துவிடும் என்கிறார் கிளியம்மாள்.

தங்களுக்கும் பிரசவம் நெருங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தைரியமாக இருங்கள். தங்கள் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தசரதன்