ஜெபச் சங்கிலி

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று சோள ரொட்டி கருகிவிட்டது. "நிலக்கரி ஊர்ப் பிள்ளைங்க தானே சார், கருப்பு ஒண்ணும் புதுசில்ல" என்றேன். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்குப் பிறந்ததிலிருந்தே அது வரவில்லை.

சாயங்காலம் மார்லா வந்தாள், என் தம்பி ராய்ஸின் மனைவி. உதட்டுத் தையலைப் பிரித்துவிட்டார்கள். கையில் நீதிமன்ற உத்தரவு: ஒரு வருஷத்துக்கு ராய்ஸ் அவள் பக்கம் வரக் கூடாது, பேசக் கூடாது, ஆள் அனுப்பவும் கூடாது.

"இனிமேலும் உங்கள அண்ணின்னு கூப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"உத்தரவுல என் பேர் இல்லையே. கூப்பிட்டுத் தொலை."

சிரிக்கப் போனாள். உதடு வலித்தது போல, நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

மார்லா வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ராய்ஸ் பூவோடு போயிருக்கிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு ராத்திரி உள்ளே, கொஞ்சம் அபராதம், காலையில் வெளியே. இந்த மாநிலத்தில் உரிமம் இல்லாமல் மான் சுட்டால் இதைவிட அதிகம் கிடைக்கும். மார்லா மானாகப் பிறந்திருக்கலாம்.

பிப்ரவரி 19, புதன்

எங்கள் சபையில் யாருக்காவது கஷ்டம் என்றால் போதகர் மனைவி ஓபல் ஒருத்திக்குப் போன் போடுவாள். அவள் அடுத்தவளுக்கு, அடுத்தவள் இன்னொருத்திக்கு. இதுதான் ஜெபச் சங்கிலி. எனக்கு அடுத்த கண்ணி மார்லா.

இன்று வந்த செய்தி: மனைவியின் மனம் இளக ஜெபியுங்கள் என்று ராய்ஸ் கேட்டிருக்கிறான்.

"இத மார்லாகிட்டயே நான் சொல்லணுமா ஓபல்?"

"சங்கிலிய அறுக்கக் கூடாது நெல்டா. உன் கூடப்பிறந்தவன் வேற."

நான் சொல்லவில்லை. ஓபலே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மார்லா அழுதுகொண்டே என்னிடம், "அவன் வாயால பேசக் கூடாதுன்னாங்க அண்ணி. இப்ப ஊர் வாயால பேசறான்" என்றாள்.

ஆள் அனுப்பக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது? ஷெரீப் ஆபீஸில் கேட்டேன். ஜெபத்தை அப்படிச் சொல்ல முடியாதாம், சட்டம் தெளிவாக இல்லையாம்.

மார்ச் 11, செவ்வாய்

தலைநகரத்துக்குப் பேருந்தில் போனேன். சட்டத்தை மாற்றப் போகிறார்கள், அதற்கு முன்னால் பொதுமக்களும் வந்து பேசலாமாம். உத்தரவை இரண்டாவது தடவை மீறினால் பெரிய குற்றம், வருஷக்கணக்கில் சிறை. இன்னொருவர் மூலம் சேதி அனுப்பினாலும் மீறல்தான். பக்கத்து மாவட்டத்தில் ஒருத்தி செத்த பிறகுதான் இவ்வளவும். சட்டத்துக்கு அவள் பெயரையே வைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவள் போட்ட போனை யாரும் எடுக்கவில்லையாம். அவளுடைய அப்பா சொன்னார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

நானும் எழுந்து சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள், மைக் முன்னால் நின்றது இதுவே முதல் தடவை.

கழுத்துப்பட்டை கட்டிய ஒரு சட்டசபை உறுப்பினர், "அப்போ ஜெபம் பண்றவங்களையும் உள்ள தள்ளணும்கிறீங்களாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊரைச் சிரிக்க வைத்தே பிழைப்பவள் நான். கேட்காமல் சிரிப்பு கிடைத்தது இன்றுதான்.

ஏப்ரல் 9, புதன்

சட்டம் நிறைவேறிவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஜெபமும் சபைக் காரியங்களும் மீறல் ஆகாது.

"ஜெயிச்சுட்டோம்!" என்றாள் ஓபல்.

யார்?

ஜூலை 1, செவ்வாய்

புதுச் சட்டம் இன்றிலிருந்து. மார்லாவும் இன்றுதான் வீடு மாறினாள். சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை, பின்பக்கப் படி. மெத்தையை நானும் அவளும் மட்டும் தூக்கினோம், யாருக்கும் சொல்லவில்லை. பாதிப் படியில் மாட்டிக்கொண்டேன். "நெறய தின்னது நானா, மெத்தையா?" என்றேன். உதடு ஆறிவிட்டது அவளுக்கு. வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜூலை 12, சனி

மத்தியானம் ஓபல் போன்.

"மார்லாவோட புது வீட்ட கர்த்தர் ஆசீர்வதிக்கணும்னு ராய்ஸ் கேக்கறான். அந்தப் பின்பக்கப் படி ரொம்ப செங்குத்தாமே, அவ விழுந்துடக் கூடாதுன்னு ஜெபிக்கணுமாம். எவ்ளோ அக்கறை பாரு!"

கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

இந்த ஊரில் மார்லாவின் காரை எங்கே ஒளிப்பது? பார்த்திருப்பான். அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் — அதற்குத்தான் ஜெபம். பாவிகள், அத்தனை வாயும் சேர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறதே!

மார்லாவிடம் கதவைத் தாழ் போடச் சொன்னேன். ஷெரீப் ஆபீஸில் போலீஸ்காரன் கிப்பைக் கூப்பிட்டேன்.

"ஜெபத்துக்கெல்லாம் நான் பிடிக்க முடியாது நெல்டா. சட்டத்திலேயே இருக்கு. அவன் படியேறட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவன் படியேறட்டும்! ஏறி?

 பிறகு போனை எடுத்தேன். என் முறைதானே. எல்லா வீட்டுக்கும் நானே போட்டேன். "மார்லாவுக்கு ரொம்ப முடியல. சாயங்காலம் சாப்பாடு எடுத்துட்டுப் போங்க. எல்லாரும்." எங்கள் சபைப் பெண்களை வேறு எதற்கும் கிளப்ப முடியாது. சாப்பாடு என்றால் அடைமழையிலும் வருவார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ராய்ஸ் வந்தான். வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் படியேறினான். கையில் கார் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி. படிக்கு ஒருத்தியாகச் சபைப் பெண்கள் நின்றார்கள், எல்லார் கையிலும் சூடான பாத்திரம். மேல்படியில் ஓபல், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியுமாக.

"மார்லாவுக்கு எதுக்குடா இரும்பு?" என்றாள் ஓபல். அவள் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை.

அவன் என்னைப் பார்த்தான். "நீதானா அக்கா?"

"ஜெபிச்சோம்டா" என்றேன்.

போன் போட்டதும் கிப் வந்தான். படியில்தான் பிடித்தான். இரண்டாவது தடவை — வருஷக்கணக்கு. வீட்டுக்கு வந்து கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். சின்ன வயதில் அவனுக்கு ஷூ கட்டிவிட்டவள் நான்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று கோர்ட்டில் தீர்ப்பு. இரண்டாவது தடவை இல்லையாம். பிப்ரவரியில் நடந்தது பழைய சட்டமாம், கணக்கில் வராதாம். புதுச் சட்டத்துக்கு இதுதான் முதல் தடவையாம். இரும்பு, டயர் மாற்ற வைத்திருந்ததாம். ஓபல் சாட்சிக்கு வரவில்லை, இடுப்பு வலி. ராய்ஸுக்குச் சில வாரம் மாவட்டச் சிறை, அவ்வளவுதான்.

மார்லா விரலால் உதட்டுத் தழும்பைத் தடவினாள். "இது எந்தச் சட்டம் அண்ணி, பழசா புதுசா?"

 

செப்டம்பர் 14, ஞாயிறு

மார்லா ஊரை விட்டே போய்விட்டாள். என் இரும்பு வாணலியை அவள் காரில் வைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சங்கிலி இப்போது என்னைத் தாண்டிப் போகிறது. தம்பியைக் காட்டிக்கொடுத்தவளாம். ராய்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறான். போன வாரம் மனம் திரும்பிவிட்டதாகச் சபை முன்னால் சாட்சியும் சொன்னான், பாதிச் சபை அழுதது.

இன்று காலை எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். "அண்ணி, உங்க வாணலியில சோள ரொட்டிய கருக்கிட்டேன்." நான் சிரித்த சிரிப்பில் பூனை ஓடிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ஓபல் கையைப் பிடித்துக்கொண்டாள். "மார்லாகிட்டேந்து ஏதாவது தகவல் உண்டா? எந்த ஊர்ல இருக்கா? சொல்லு நெல்டா, சங்கிலியில போட்டு ஜெபிக்கலாம்."

அவளுக்குப் பின்னால் ராய்ஸ் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது.

"நீங்க பேர மட்டும் சொல்லி ஜெபிங்க ஓபல்" என்றேன். "கர்த்தருக்கு விலாசம் தெரியும்."