சட்டைப் பொத்தானும் சின்னவளின் பன்னிரண்டு பக்கமும்

அன்புள்ள பெரியவளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எதுவும் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் தங்கை கணக்குப் படிக்க மாட்டேன், இலக்கியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, வேண்டாம்டி, கதை ஒருநாள் உன் காலை வாரிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சித்தியைக் கேட்டால், நீங்க எங்க சொன்னீங்க, விண்ணப்பம் வாங்க முதல் ஆளாப் போய் வரிசையில நின்னதே நீங்கதானே என்கிறாள். அவள் ஞாபகசக்தி அவ்வளவுதான், அதை விடு.

நடந்ததைச் சின்னவள் உனக்குப் போனில் பாதி அழுது பாதி சொல்லியிருப்பாள், நான் முழுதாகச் சொல்கிறேன். அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு பழைய சிறுகதைகளில் பாத்திரம், கருப்பொருள், குறியீடு. இந்த மூன்றும் எனக்குப் புதுசா என்ன? கல்லூரி வாசலில் இருபது வருஷமாகப் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், முந்நூறு ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டிருக்கிறேன், போடும்போது ஒவ்வொன்றையும் புரட்டியிருக்கிறேன், அதைப் படிப்பென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அவள் நம்பியிருந்தது அந்தத் தையல்காரர் கதையை. வெளியூர் வேலைக்குப் போகிற மகனுக்கு அப்பா ஒரு வெள்ளைச் சட்டை தைக்கிறார், இரண்டு பேருக்கும் ஏதோ பேச்சு முற்றுகிறது, மகன் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறான், கடைசியில் அப்பா அதைத் தானே போட்டுக்கொண்டு கடை திறக்கப் போகிறார். கதை அவ்வளவுதான். கல்லூரி நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி, அதிலும் அந்தச் சண்டை வருகிற தாள் கிழிந்து போயிருக்கிறது. அதற்குப் புது அட்டை போட்டுக் கொடுத்தவன் நான். கிழிந்த தாளில் என்ன இருந்தது என்று சின்னவள் என்னிடம் கேட்டாள், சட்டையின் மேல் பொத்தானை மட்டும் அப்பா சிவப்பு நூலால் தைத்தார், மகன் அதைப் பார்த்து முகம் சுளித்தான் என்று சொன்னேன். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டாள். நூல்தான் ரத்தபந்தமாம், நூல்தான் கோபமாம், கழுத்தை நெரிக்கிற பாசமாம். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

இதில்தான் அவள் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியை அம்மாள் வந்து குறுக்கே விழுந்தார். நான் மாணவியாக இருந்தபோது படித்த கதை, சிவப்பு நூல் எதுவும் ஞாபகம் இல்லையே என்றாராம். நம் சின்னவள் விடுவாளா, எங்க சித்தப்பா அந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கார் மேடம், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறாள். அப்படின்னா புதன்கிழமைக்குள்ள அந்தப் பக்கத்தைக் கொண்டு வாம்மா, இல்லாட்டி ஆய்வேட்டை ஏத்துக்க முடியாது என்று முடித்துவிட்டார். ஏற்றுக்கொள்ளாவிட்டால் பட்டம் அடுத்த வருஷம். அவளுக்காகக் காத்திருக்கிற அந்தப் பள்ளிக்கூட வேலை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமா? ஒரு நூலுக்காக ஒரு பெண்ணின் வேலையா? எனக்கு வந்த எரிச்சலுக்கு நேரே அந்த அம்மாள் அறைக்கே போய்விட்டேன். மேசை நிறைய விடைத்தாள், உட்கார நாற்காலிகூட இல்லை, நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசினேன், பதினைந்து நிமிஷம் என்று சித்தி சொல்வாள், நம்பாதே. உங்க ஆட்களுக்குக் கதையில ஜன்னல் வந்தா விடுதலை, குடை வந்தா பாதுகாப்பு, ஊசி தொலைஞ்சா வாழ்க்கையே தொலைஞ்சுபோச்சு, அம்மா, என் கடையில வாரத்துக்கு நாலு ஊசி தொலையுது, ஒரு குறியீடும் கிடையாது, குனிஞ்சு தேடுவோம், அவ்வளவுதான் என்றேன். அதற்கு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரிங்கய்யா, அப்ப சிவப்பு நூல் மட்டும் எப்படிக் குறியீடாச்சு என்று கேட்டார். நான் தக்க பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை. ஆனால் ஒன்று சொன்னார், அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்க பொண்ணு நல்லா யோசிக்கிறா, அதனாலதான் ஆதாரம் கேக்குறேன், சுமாரா எழுதுற பொண்ணா இருந்தா நான் கண்டுக்காம கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார்.

நானும் அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். முந்நூறோ நானூறோ ஆய்வேடு பார்த்தவன் சொல்கிறேன் கேள், அந்த மகன் கெட்டவன் இல்லை. கிழியாத பக்கம் ஒன்றிலேயே, சட்டை கொடியில் காயும்போது பக்கத்துக் கடைக்காரர், என்னப்பா, கை குட்டையா இருக்கே என்கிறார். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறார். ஊர் முழுக்க அளவெடுக்கிற மனுஷன் பெற்ற பிள்ளைக்கு அளவெடுக்கவில்லை பார், சின்னப் பிள்ளையாக இருந்தவனையே மனசில் வைத்துத் தைத்துவிட்டார். பாத்திரமும் அங்கேதான் இருக்கிறது, கருப்பொருளும் அங்கேதான் இருக்கிறது. இதைச் சின்னவளிடம் சொன்னால், அதெல்லாம் சின்ன விஷயம் சித்தப்பா, நூல்தான் முக்கியம் என்று என் வாயையே அடைக்கிறாள்.

இப்போது உன் விஷயம். அந்தப் புத்தகத்தின் கிழியாத பழைய பிரதி ஒன்று ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் ஒரு நூலகத்தில் இருப்பதாகவும், சனிக்கிழமை விடுப்பு போட்டுப் போய்ப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். உன் தகவல் வந்ததிலிருந்து இவள் தரையில் நடக்கவில்லை. அக்கா அனுப்பட்டும், மேடம் முகத்தை நான் பாக்கணும் என்று புதன்கிழமைக்குப் போட்டுக்கொண்டு போக உடுப்பைக்கூட இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அந்த உடுப்பைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. சித்தி அந்த உடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

நீ முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்று, மருந்தை நம்பாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி அண்டாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும், இதை மனசாரச் சொல்கிறேன். முக்கியமாக ஒன்று, சனிக்கிழமை நீ ரயில் ஏறாதே. கடையில் ஸ்கேன் எடுத்து இந்தக் கடிதத்தை இன்றைக்கே அனுப்புகிறேன், பார்த்தவுடன் டிக்கெட்டை ரத்து செய். அந்தத் தாள் என் கைக்கு வரும்போதே புத்தகத்தில் இல்லை. இருந்ததைத்தான் சேர்த்துத் தைத்தேன், நான் அதைப் படித்ததே கிடையாது. சிவப்பு நூல் என் சொந்தச் சரக்கு. அவள் கடைக்கு வந்து, நீங்கதானே சித்தப்பா பார்த்தீங்க, சொல்லுங்க என்று நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொல்வதை அவள் எழுதி வைத்துக்கொள்ள உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் நானே சொல்கிறேன். குட்டைக் கையை வைத்துப் புதிதாக எழுத இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்கப்புறம் உனக்குப் போன் செய்வாள், அவள் என்னைத் திட்டினால் குறுக்கே பேசாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா