முனுசாமி தூக்கிய கை

1968, ஆடி, செவ்வாய்க்கிழமை.

போன மாதம் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்து மண்டையை உடைத்துக்கொண்ட, தங்கச் சுரங்கத்து இரண்டு யூனியன்களின் பையன்களுக்கும் இன்று அகிம்சைப் பயிற்சி. வாத்தியார் நான்தான்.

"ஒருத்தர் அடிக்க வந்தா மத்தவர் அசையாம நிக்கணும்" என்றேன்.

உடனே அவர்களில் ஒருவனான முனுசாமி இரண்டு கையையும் தூக்கி, வாயை ஆவென்று திறந்து நின்றான். ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று கேட்டில் சோதிக்கும்போது நிற்கிற அதே நிலை.

"தெனம் இப்டித்தான் நிக்கறோம் சார். வாட்ச்மேன் அறைஞ்சாலும் அசையறதில்ல. நீங்க புதுசா இன்னா கத்துக்குடுக்கப் போறீங்க?"

இரண்டு யூனியனும் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தது, என்னைப் பார்த்து. ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

முனுசாமி அசையவில்லை. நான் "போ" என்று சொல்கிறவரைக்கும் தூக்கிய கையை இறக்கவும் இல்லை.