சட்டைப் பையிலிருந்த ரோஸ் அட்டை

அக்கா, ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நேற்று உன் நினைவு நாள். காக்ஸ் டவுன் வீட்டில் ஜெபம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மாமா பர்ஸிலிருந்து அந்த ரோஸ் நிற அட்டையை எடுத்துப் புதிதாக வந்திருந்த போதகரிடம் காட்டினார். "இத ஒரு நாள் கூட அவ கண்ணுல படவிடலைங்க. கேன்சர்ங்கற வார்த்தையக் கேக்காமலே நிம்மதியா போய்ச் சேந்தா." போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் கணவர் வருடா வருடம் யாரிடமாவது இதைச் சொல்கிறார். நானும் வருடா வருடம் பக்கத்தில் நிற்கிறேன்.

அந்த அட்டையைக் கொடுத்த டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். மருந்து ஏற்றிய பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரியானாலும் எமர்ஜென்சியில் இதைக் காட்டுங்கள், காத்திருக்கவே கூடாது. மாமா அதைச் சட்டைப் பையில் வைத்தார். உன்னிடம், கட்டி கரைய மருந்து ஏற்றுகிறார்கள் என்று மட்டும் சொன்னார். முடி கொட்டியபோது அதற்கும் ஒரு கதை. நீ மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, "டேய், உங்க பேங்க் வாட்ச்மேன் லீவு போட்டா என்னைக் கூப்பிடு" என்று சிரித்தாய்.

காய்ச்சல் ஒரு மத்தியானம் வந்தது. உனக்கு வைத்தியம் பார்த்த இடம் ஊரின் மறுகோடியில் இருந்ததால், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். எமர்ஜென்சி மேஜைக்கும் உன் நாற்காலிக்கும் நாலடி தூரம்.

"ஏனாகிதே?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார் டியூட்டி டாக்டர்.

மாமா உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சும்னே ஜ்வர, டாக்டர். வைரல்" என்றார். வெறும் காய்ச்சலாம்.

"ஆக்சிடென்ட் கேஸ் பந்திதே. ஸ்வல்ப கூத்கொள்ளி."

விபத்து கேஸ் வந்திருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்றார்; உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் போயிருக்கும். மாமா தண்ணீர் வாங்கப் போனபோது நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"டேய், அவரு பாக்கெட்ல ரோஸ் அட்டை இருக்கு. வாங்கி டாக்டர்கிட்ட காட்டுடா. ரொம்பக் குளிருது."

"அக்கா, உனக்கு..."

"பதினெட்டு வருசமா அந்தச் சட்டையத் தோய்க்கிறவ நான்தானே? பாக்கெட்டப் பாக்காமயா தண்ணியில போடுவேன்? எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாரு."

மாமா வந்ததும் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டேன். "அவ பாத்துட்டே இருக்கா. படிச்சவன்னு ஆரம்பிச்சிடாத, வாய மூடு" என்றார். அவளுக்குத் தெரியும் மாமா என்று நான் சொல்லியிருந்தால் அட்டை வெளியே வந்திருக்கும். அதுகூட வேண்டாம், நானே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் வீட்டில் தங்கிப் படித்தவன் நான். அவர் முறைத்தால் எனக்கு நாக்கு எழாது. அவ்வளவுதான்.

உன் முறை வந்தபோது உனக்குப் பேச்சு குழறியது. நர்ஸ் குல்லாவைக் கழற்றினாள். டாக்டர் உன் தலையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "மொதலே யாக்கே ஹேளில்லா?" முதலிலேயே ஏன் சொல்லவில்லை? அதற்கு மேல் எல்லோரும் ஓடினார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

இப்போதும் பேங்கில் யாராவது ஏதோ ஒரு சலானைக் கையில் வைத்துக்கொண்டு "யாக்கே ஹேளில்லா சார்?" என்றால் கவுண்டரை விட்டு எழுந்து போய்விடுகிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை. உன் மேலும் கோபம் உண்டு, அக்கா. மேஜை நாலடி தூரத்தில்தானே இருந்தது? அவர் தாங்க மாட்டார் என்று தெரிந்த உனக்கு, நான் தாங்குவேனா என்று கேட்கத் தோன்றவில்லை.

நீ கேட்டுக்கொண்டதை இன்று மீறுகிறேன். உறையின் மேல் உன் பெயரையும் காக்ஸ் டவுன் முகவரியையும் எழுதிவிட்டேன். அவர்தான் பிரிப்பார். தாங்குகிறாரா பார்க்கலாம்.

அடியில் என் பெயரைப் போடவில்லை. எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாமல் போகாது. ஆனால் அன்று நாலடி நடந்து வாயைத் திறக்காதவன், இன்று பெயர் போட்டுக்கொள்ள என்ன இருக்கிறது? இப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.