நீ உட்காரவில்லை

மார்ச் 4

அன்புள்ள மைத்துனிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. பதற்றத்தில் உளறிவிடக் கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. நீ உன் அக்காவின் அருகில் உட்காரவே இல்லை.
2. அவளுடைய கடைசி நேரத்தில் என்னை வெளியே அனுப்பினாய்.
3. இவற்றுக்காக நான் செய்யப்போவது.

ஒன்று. மனிதப் பரிவே செவிலியின் முதல் மருந்து என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறாய். நோயாளியின் அருகில் உட்கார், முகம் பார்த்துப் பேசு, அவசரத்தைக் கதவுக்கு வெளியே விட்டு வா என்பாய். அந்தப் பாடக் குறிப்புகளில் பிழை திருத்தியவன் நான். உன் வார்டிலேயே அக்கா கிடந்தாள். நீயோ கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல.

இரண்டு. "கேன்டீன்ல ஒரு டீ குடிச்சுட்டு வாங்க அத்தான், அக்கா எங்கயும் ஓடிட மாட்டா" என்றாய். திரும்பி வந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

மூன்று. உன்னைக் கல்லூரி முதல்வராக்கப்போகும் குழுவுக்கு இதை எழுதப்போகிறேன். என் பக்கம் பிழை இருந்தால் சொல்.

உன் அத்தான்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா இறந்த அன்றுதான் நான் முதல்முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா அதை மறக்கவில்லை. அவள் வார்டில் சேர்ந்த அன்று உட்கார நாற்காலியை இழுத்தேன். "ஏய், உட்காராதடி! நீ உட்கார்ந்தா என் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நின்னுகிட்டே திட்டு, போதும்" என்றாள். கால் வீங்க நின்றேன்.

உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை. மூச்சு மாறியது தெரிந்துதான் உங்களை அனுப்பினேன். நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று நானே முடிவு செய்தேன். நீங்கள் போனதும் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

எழுதிவிடாதீர்கள், அத்தான். இந்தப் பொறுப்புக்காகத்தான் இத்தனை வருஷமும் ஓடினேன்.

உங்கள் மைத்துனி

மார்ச் 13

மைத்துனிக்கு,

கோபப்பட எனக்குத் தகுதி உண்டா என்று வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. பிறகு, அவள் கண் கடைசியாக யாரைத் தேடியிருக்கும் என்று யோசித்தேன். நான் தாங்கியிருப்பேனா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் நீ விடவில்லை.

குழுவுக்கு எழுதியதை இன்று தபாலில் சேர்த்தேன். நீ ஒப்புக்கொண்டதையும் வார்த்தை மாறாமல் எடுத்தெழுதியிருக்கிறேன். இனி இந்த வீட்டுக்கு வராதே.

முதல் குற்றச்சாட்டை மட்டும் நீக்கிவிட்டேன். அது தவறு. நீ நின்றதுதான் சரி.

அவள் கணவன்