கதவுக்குப் பின்னால் இரண்டு பொட்டு

காஞ்சிபுரம்
6-11-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கதவுக்குப் பின்னால், என் முழங்கால் உயரத்தில், கறுப்பு மையில் இரண்டு பொட்டு. பெரியது ஒன்று, அதை ஒட்டிச் சின்னது ஒன்று. இந்த வார்டில் நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

உங்கள் சைக்கிள், என் ஸ்லேட்டு, வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் கண்மையைத் தொட்டு இப்படித்தான் வைப்பீர்கள். "கண்ணு பட்டுடும்மா. பெருசு எனக்கு, சின்னது ஜோதிக்கு" என்பீர்கள். "ஜெபம் பண்ற வீட்ல மை பூசிக்கினு திரியறாரு பாரு" என்று அம்மா திட்டும்.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறது. மழைக்கு ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் நடையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். அப்போதுதான் பெரிய பெரிய லாரிகளில் இந்த வார்டு அறை அறையாக வந்து இறங்கியது. கிரேன் தூக்கி வைக்க, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து முடுக்கினார்கள். விளக்கு, ஆக்ஸிஜன் குழாய், கழுவும் தொட்டி எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தன. போன வாரம் சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த இடம் இப்போது வார்டு. அம்மாவுக்குக் கதவோரக் கட்டில் கிடைத்தது.

இந்த மையை யார் வைத்தது என்று ஜோஹரா சிஸ்டரிடம் கேட்க எனக்கு அரை நாள் ஆனது. "ஃபேக்டரிலருந்தே அப்படித்தாம்மா வந்துச்சு. ஈரத்துணி எடுத்துத் தொடைச்சிடு" என்றார்கள். எனக்குக் கை வரவில்லை.

கொரோனா சமயத்தில் வேலைக்கென்று பெங்களூர் போனீர்கள். போன் நின்றுபோனது. செத்துவிட்டீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தாலியைக் கழற்றவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த பொட்டை அம்மாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தது. பிறகு, "சீப்பு எடுடி" என்றது.

கதவு நிலையில் ஒட்டியிருந்த ஃபேக்டரியின் ஓசூர் விலாசத்துக்கு உங்கள் பெயரை எழுதி அனுப்புகிறேன். போன் நம்பரும் இருக்கிறது. யாராவது ஹலோ என்றால் எனக்கு வாய் வராது.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். பட்டுக்கடையில் சேலை மடித்து வைக்கிறேன். நீங்கள்தானா அப்பா?

உங்கள் சின்னப் பொட்டு,
ஜோதிகா


ஓசூர்
13-11-2025

அன்பு மகள் ஜோதிகாவுக்கு,

"முனிரத்தினம், உனக்கு லெட்டர் வந்திருக்குப்பா. எந்தக் காலத்துல இருக்கே நீ?" என்று சூப்பர்வைசர் தினகரன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் லாரிக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

நான்தான்.

இங்கே அறையை முழுசாகச் செய்து, விளக்கு எரிகிறதா, குழாயில் கசிவு உண்டா என்று பார்த்து லாரியில் ஏற்றுவோம். எந்த ஊருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. வெறும் நம்பர்தான். ஏற்றுவதற்கு முன்னால் எல்லா அறையிலும் கதவுக்குப் பின்னால் மை வைத்துவிடுவேன். படுப்பவர்கள் எழுந்து நல்லபடி வீட்டுக்குப் போகட்டும் என்றுதான். உன் அம்மா வந்து படுப்பாள் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்தச் சின்னப் பொட்டு நீ இல்லையம்மா. எனக்கு இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. சுகாசினி என்று இரண்டு வயதில் மகள். அவளுக்காக வைத்தது. ஆரம்பத்தில் உன்னை நினைத்துத்தான் வைத்தேன். எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. நான் செத்ததாகவே இருக்கட்டும். வேறு யாரோ வைத்த பொட்டு என்று சொல்லிவிடு. இனி இங்கே எழுத வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

அப்பா,
முனிரத்தினம்


காஞ்சிபுரம்
17-11-2025

அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தை நடையில் நின்று படித்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர், "ஓரமா நில்லும்மா, ஓரமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டது. மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுப் போனார்.

அம்மா தலை வாரி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கும்.

"இன்னாடி எழுதியிருக்காரு? எப்ப வராராம்?"

நீங்கள் சொல்லச் சொன்னது நாக்கு வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். காதோரம் குனிந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

அம்மா அழவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தது. மூச்சு வாங்கியது. சிஸ்டர் வந்து மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். அம்மா மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"ரெண்டு வயசா அதுக்கு?"

"ஆமாம்மா."

"சிஸ்டர் தொடைக்கச் சொன்னாங்களேடி. இன்னும் தொடைக்கலியா?"

ஈரத்துணி எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பெரிய பொட்டைத் துடைத்தேன். சின்னதை விட்டுவிட்டேன்.

ஜோதிகா